மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்த ஆம்புலன்ஸ்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் வேலையும் இந்நேரம் நல்லபடியாக முடிந்திருக்கும். இங்கு நாங்கள் எல்லோரும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்த முறை கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் என்றால் தங்கள் மகனையும் சேர்த்துத்தான். மாப்பிள்ளை நலம். நெஞ்சு நலம், மூச்சு நலம், கால் இரண்டும் நலம். இதை எழுதும் இந்த நிமிடம் எதிர்வீட்டில் என் மகளோடு மின்விசிறியை யார் துடைப்பது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார். இரண்டு கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்கிறது என்றால் அவர் நுரையீரல் எப்படியிருக்கிறது என்று தாங்களே கணித்துக்கொள்ளலாம்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சம்பந்தி, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம். அந்த அளவுக்குப் போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தாங்கள் அன்றைக்குக் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்ததை நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகன் எல்லோருக்கும் கடைசியாக ஓடி வருகிறார். அவர் முதுகை இடித்துவிடுவது போல் ஓர் ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. வந்து நின்றவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் தலை துணியால் மூடியிருக்கிறது. கைத்தாங்கலாக ஆம்புலன்ஸுக்குள் ஏற்றுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. படம் நின்றுவிடுகிறது. இதில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. அத்தனையும் நடந்தது, படம் பிடித்ததே நான்தான். ஆனால் சம்பந்தி, இதைப் பார்த்த ஒரு தகப்பன் என்ன நினைப்பாரோ அது மட்டும் நடக்கவில்லை.

அன்று மாலையே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இனிமேல் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். அவரும் சரிப்பா என்றுவிட்டார். ஓடும் காலணியைப் பையில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். நடந்ததை அப்பாவிடம் விளக்கிச் சொல்லக் கூடாதா என்று நான் சண்டைக்குப் போனேன். "அப்பா அழுதுட்டார் மாமா. அதுக்கு மேல நான் என்ன பேசறது?" என்றார்.  அதனால்தான் அவருக்குத் தெரியாமல் இந்தக் கடிதம். தாங்கள் போட்ட அந்தத் தடையைத் தாங்களே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இனிமேல் எழுதப் போவதெல்லாம் அதற்கான காரணம்.

தங்கள் மகன் பெரிய ஓட்டக்காரர் என்பது முதன்முதலாகத் தங்கள் வீட்டுக்கு வந்தபோதே எனக்குத் தெரியும். நெடுந்தூரப் பந்தயங்களில் வாங்கிய பதக்கங்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினீர்கள். என் மகளை விட்டுவிட்டு ஓடாமல் இருந்தால் சரி என்று அன்றைக்கு மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் இந்தக் குடியிருப்புக்கு வந்து செய்த காரியம் அந்த அலமாரியில் வைக்கக்கூடியது அல்ல. இங்கே நாங்கள் எப்படி இருந்தோம் என்று தங்களுக்குத் தெரியாது. லிஃப்ட் பழுதானால் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூட்டுகிற ஜனங்கள் நாங்கள். அந்தப் புகார் மனுவில் முதல் கையெழுத்து முதல் மாடிக்காரருடையதாக இருக்கும். சங்கச் செயலாளர் என்ற முறையில் அதை வாங்கி வைக்க நானும் லிஃப்டுக்காகத்தான் காத்திருப்பேன். மாப்பிள்ளை வந்த புதிதில் தன்பாட்டுக்குக் காலையில் கட்டடத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர், பல வருடம் மிஷினில் குனிந்தே உட்கார்ந்து முதுகு கேள்விக்குறியாகிவிட்ட மனிதர், ஒரு நாள் அவரை நிறுத்தி, பஸ்ஸைத் தவற விட்டுவிட்டாயா தம்பி என்று கேட்டிருக்கிறார். தெருமுனை வரைக்கும் சும்மா வாங்கண்ணே என்று மாப்பிள்ளை கூப்பிட, இவரும் போயிருக்கிறார். தையல்காரர் முன்னால் தள்ளாடித் தள்ளாடிப் போக, பந்தயக் குதிரை மாதிரி ஓடக்கூடிய மனிதர் பின்னால் மெதுவாக வந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். மறுவாரம் வங்கிக் காசாளர் அம்மா சேர்ந்தார். அதற்கடுத்து எதிர்க் கட்டடத்து ஆட்கள். அப்புறம் நானே, அதாவது என் மனைவி என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டதன் பேரில்.

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. எத்தனை பேர் வந்தாலும் எல்லோருக்கும் பின்னால் அவர்தான் வருவார். எவ்வளவு மெதுவாகப் போகிறவராக இருந்தாலும் சரி, அவரைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார். ஏன் மாப்பிள்ளை இப்படி என்று கேட்டேன். "கடைசியா வர்ற கூச்சத்துலதான் மாமா பாதிப் பேர் மறுநாள் வர்றதில்ல. அந்த இடத்த நான் எடுத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு" என்றார். அவ்வளவுதான் அவருடைய மொத்தத் தத்துவமும். இதை வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் முப்பது நாற்பது பேரை எழுப்பி ஓட வைத்துவிட்டார். தையல்காரர் இப்போது நிமிர்ந்து நிற்கிறார், அவர் இவ்வளவு உயரம் என்று அவர் மனைவிக்கே புதுச் செய்தி. எனக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. மூலையிலிருக்கும் மருந்துக்கடைக்காரர் விற்பனை படுத்துவிட்டதே, என்னதான் நடக்கிறது என்று வேவு பார்க்க வந்தவர், தானும் சேர்ந்துகொண்டார். சொந்த வியாபாரத்தின் தலையில் மண் போட்டுக்கொள்ள அவ்வளவு வேகமாக ஓடி வந்த மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தது நான்தான். அதற்காக என்னை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் முட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோரும் மெயின் ரோடு வழியாக ஒரு சுற்று ஓடி வருவது, முடிவில் மேடை, சுகாதார அதிகாரி தலைமை, கேடயம், பேச்சு, சாப்பாடு என்று திட்டம் போட்டேன். சாலையில் ஓட அனுமதி கேட்டதற்கு அந்த அதிகாரி ஒரு நிபந்தனை விதித்தார். கடைசியாக ஓடி வருகிறவர் யாரோ அவருக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வர வேண்டும், எங்கே ஓட்டப் பந்தயம் நடந்தாலும் அதுதான் விதி என்றார். கடைசியில் வருகிறவர் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

முடிவில் ஒரு சிவப்பு நாடா கட்டி, அதை மாப்பிள்ளை நெஞ்சால் அறுத்துக்கொண்டு வர, தாங்கள் அதை வீட்டிலிருந்தபடியே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் முதலில் வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். தனக்குப் பாராட்டு என்றால் தான் எப்போதும் செய்வதைச் செய்ய விடுவதுதான் பாராட்டு என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கடைசி நேரத்தில் பாய்ந்து வந்துவிடுவார் என்று நானே முடிவு செய்துகொண்டு, நாடாவை அறுப்பவர்தான் விழா நாயகர் என்று அதிகாரியிடம் சொல்லி வைத்தேன். நாடாவை அறுத்தவர் மருந்துக்கடைக்காரர். அறுத்த வேகத்தில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லையாம். அதிகாரி அவரை அப்படியே மேடைக்கு அழைத்துப் போய், இந்த மாமனிதர் தன்னலம் பாராமல் மக்களின் மருந்துச் செலவைக் குறைத்தவர் என்று ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் கைதட்டலை விட மனம் வரவில்லை, கேடயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் மேடைக்குப் போய்த் தடுப்பதா, தங்களுக்குப் படம் காட்டுவதா என்று தெரியாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் முதலில் தையல்காரர் தெரிந்தார், அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். ஜனங்கள் அதிகாரியையும் மருந்துக்கடைக்காரரையும் மேடையிலேயே விட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினார்கள். தாங்கள் கேட்ட அந்தக் கூச்சல் பயக் கூச்சல் அல்ல சம்பந்தி, அது கைதட்டல். என் கைப்பேசியில் ஒலி அப்படித்தான் வரும், வாழ்த்துச் சொன்னாலும் வசவு மாதிரி கேட்கும்.

இனி அந்தத் துணி விஷயம். தையல்காரர் தன் பங்குக்கு மாப்பிள்ளைக்கு ஓட்டக்காரர்கள் போடும் மேல்சட்டை ஒன்றைத் தைத்து வைத்திருந்தார். கொடுக்கும்வரை தெரியக் கூடாது என்பதால் அளவெடுக்கவில்லை, கண்ணளவு. பல வருடமாகப் பள்ளிச் சீருடையே தைத்துப் பழகிய கை. உடம்பைப் பெரியவருக்கும் கழுத்தை ஆறாம் வகுப்புக்கும் தைத்துவிட்டார். வந்து நின்ற கையோடு, இப்பவே போட்டுக் காட்டுங்க தம்பி என்று கேட்டார். மாப்பிள்ளை அவர் மனம் நோகக் கூடாதென்று தலையை நுழைத்தார். தலை பாதி போயிற்று. மீதி போகவில்லை. திரும்பியும் வரவில்லை. இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே. தையல்காரர் ஒரு பக்கமும், கேடயத்தை விடாமல் ஓடி வந்த மருந்துக்கடைக்காரர் மறுபக்கமுமாகப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். கடை பூட்டியிருக்கிறது. கத்தரிக்கோல் இருந்த ஒரே இடம் ஆம்புலன்ஸ். அதிலிருந்த நர்ஸ் கண்டிப்பான பெண், நாலு பேர் பார்க்க வைத்து யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்று உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார். சாத்தியதும் என் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது. தங்களைப் பயமுறுத்த இதைவிட நல்ல நேரம் பார்க்க முடியாது.

உள்ளே என்ன நடந்தது தெரியுமா? கழுத்தை வெட்டித் தலையை வெளியே எடுத்த பிறகு, ஏறிய ஆளைச் சோதிக்காமல் இறக்குவதில்லை என்று அந்த நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி பார்த்திருக்கிறார். இதயம் இவ்வளவு நிதானமாக அடித்து அவர் பார்த்ததே இல்லையாம். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அதைத்தான் தட்டிப் பார்த்தாராம். இதை அவர் என்னிடம் நேரில் சொன்னார். சந்தேகமிருந்தால் அந்த அம்மாவையே தங்களிடம் பேசச் சொல்கிறேன், அவர் பேச ஆரம்பித்தால் தாங்கள் போனை வைக்க முடியாது. நான்தான் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பந்தலில் மறந்துபோனேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்குக் கொடுங்கள். மாப்பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் ஓடுவதை நிறுத்திய பிறகு இங்கே என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், முதல் நாள் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். மற்றவர்கள் ஓடினார்கள். ஆனால் அவர் இல்லாததால் தையல்காரர் கடைசி ஆள் ஆனார். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, பாதியிலேயே கடைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் வரவில்லை. அவர் வராததால் மறுநாள் காசாளர் அம்மா கடைசி. அவரும் நின்றார். மூன்றாம் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு நான் இறங்கிப் போனேன், எனக்கு அந்தப் பதவி வந்து சேர்ந்தது. பின்னால் ஒரு காலடிச் சத்தமும் இல்லாமல் ஓடுவது என்ன கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்படி வால் பக்கமிருந்து தேய்ந்துகொண்டே வந்து, இன்றைய தேதிக்கு மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் ஓடுகிறார். முதல் ஆளும் அவரே, கடைசி ஆளும் அவரே. மாப்பிள்ளை ஜன்னலருகே நின்று அவர் போவதையும் வருவதையும் பார்க்கிறார்.  மின்விசிறி பற்றிய வாதம்கூட இந்த வாரத்தில் இன்றைக்குத்தான் கேட்டது. அது கேட்ட நிம்மதியில்தான் பேனாவை எடுத்தேன்.

தங்கள் பயம் எனக்குத் தெரியாததல்ல. தங்கள் தம்பி ஒரு காலையில் நடைபாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததையும், வெகுநேரம் பக்கத்தில் யாருமே இல்லாமல் கிடந்ததையும் சம்பந்தியம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸ் கதவு சாத்தியபோது தங்களுக்கு அந்தத் தம்பியின் முகம்தான் வந்திருக்கும். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தில் நான் சிரித்ததெல்லாம் என்னைப் பார்த்துத்தான். ஆனால் முதலாவதாக வந்துகொண்டிருந்த பையன் ஒரு தையல்காரருக்குப் பின்னால் வருகிறான் என்றால் உடம்பில் ஏதோ இருக்கிறது என்றீர்களாமே, அதற்கு மட்டும் பதில் சொல்ல அனுமதியுங்கள். தாங்கள் ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியிலும் கடைசிப் பெட்டியில்தான் போனீர்கள். எஞ்சினுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் பின்தங்கிவிட்டாரே என்று யாராவது தங்களைக் கேட்டதுண்டா? மாப்பிள்ளை எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஓடலாம் என்று ஒரு வார்த்தை போதும். போனில் சொன்னாலும் சரி, கார்டு போட்டாலும் சரி. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். என் மனைவி தங்கள் இருவரையும் மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள், அவள் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். தங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் சம்பந்தி
(குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையிலும்)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. நேற்று எழுதி முடித்து, காலையில் தபாலில் போடலாம் என்று மேசைமேல் வைத்திருந்தேன். விடிந்தும் விடியாததுமாக அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தாங்கள். கையில் பை, காலில் புத்தம் புதிய வெள்ளைக் காலணி. எனக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. சட்டை, கத்தரிக்கோல், நாடி எல்லாவற்றையும் என் மகள் மூன்றாம் நாளே தங்களிடம் போனில் சொல்லிவிட்டாளாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். அப்படியென்றால் ஏன் இத்தனை நாளாகத் தடையை எடுக்கவில்லை என்று கேட்டேன். "நான் கொஞ்சம் பழகிக்க வேணாமா சம்பந்தி? அதுக்குத்தான் அவன நிறுத்தி வச்சேன்" என்றீர்கள். தினமும் விடியற்காலையில் சம்பந்தியம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் ஓடிப் பழகினீர்களாம்.

பிறகு மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்தார். தாங்கள் அவரிடம் சொன்னதை நான் மறக்காமலிருக்க இங்கே எழுதிவைக்கிறேன். "எல்லாருக்கும் பின்னால நீ வர்ற. உனக்குப் பின்னால யாருடா வர்றா? ஆம்புலன்ஸ் தினம் வராது. நான் வர்றேன்."

 பரணிலிருந்து பையை இறக்கப் போன மாப்பிள்ளை, நெடுநேரம் நாற்காலிமேலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். கீழே வாசலில் தையல்காரர், காசாளர் அம்மா, எல்லோரும் வந்தாயிற்று. யாரும் நகரவில்லை. எல்லோருக்கும் பின்னால்தான் வருவேன் என்பது மாப்பிள்ளையின் சட்டம், அவருக்குப் பின்னால்தான் வருவேன் என்பது தங்கள் தீர்மானம். நீங்க போங்கப்பா என்கிறார் அவர், நீ போடா என்கிறீர்கள் தாங்கள். இருவரும் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை சிரிக்கிறார். இதோ நான் இறங்கி வருகிறேன், யாராவது ஒருவர் முன்னால் போக வேண்டும் அல்லவா.